பெரிய வன்தட்டும் சிறிய கணக்கும்



ஒரு வீட்டுக் காட்சியை முதலில் மனக்கண்முன் கொண்டு வருவோம். நாகபுரியிலோ, பிலாயிலோ, ஜாம்ஷெட்பூரிலோ இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் காலமாகிவிட்ட பாட்டனாரின் ஒளிப்படங்கள், மூத்த மகளின் திருமணக் காட்சிகள், பாட்டி தம் குரலிலேயே பாடிப் பதிவு செய்த தாலாட்டு ஆகிய இவையனைத்தும் ஒரே ஒரு வன்தட்டில் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஹார்ட் டிஸ்க் என்று நாம் வழங்கும் பொருளையே வன்தட்டு என்கிறேன். அதன் கொள்ளளவு 3 டெராபைட். ஓர் உறைக்குள் இருந்து, கம்பி வழியாகக் கணிப்பொறியுடன் இணைக்கப்பட்டு வந்த தட்டு அது.

வீட்டிலுள்ள பழைய கணிப்பொறியில் லினக்ஸ் இயக்கமுறையை நிறுவ வேண்டும் என்று கல்லூரியில் படிக்கும் மகன் விரும்புகிறான். தட்டை வெளியே வைத்துக் கம்பியை இழுத்துக்கொண்டிருப்பானேன் என்று கருதி, உறையைப் பிரித்துத் தட்டை எடுத்துக் கணிப்பொறியின் உள்ளேயே பொருத்திவிடுகிறான். நிறுவும் செயலியை ஓட்டுகிறான். திரையில் தோன்றும் செய்தி வியப்பைத் தருகிறது. தட்டின் அளவு 3 டெராபைட் என்று சரியாகவே காட்டப்படுகிறது. ஆனால், அதில் 375 கிகாபைட் அளவுள்ள ஒரே ஒரு பாகம் மட்டும் இருப்பதாகவும், அதன் வகை இன்னதென்று தெரியவில்லை என்றும், எஞ்சிய பகுதி முழுவதும் வெற்றிடம் என்றும் அச்செய்தி கூறுகிறது. "அப்பா, தட்டுக் கெட்டுவிட்டது போலிருக்கிறது. அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா?" என்கிறான் மகன். அவனுடைய விரல் பொத்தானின்மேல் நிற்கிறது.

அந்தத் தந்தை என்ன விடை கூற வேண்டும்? அவ்விடையைக் காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

லினக்ஸ் என்பது யாதென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991-ஆம் ஆண்டில் தொடங்கி வைத்த பணி அது. உலகெங்கும் உள்ள பல்லாயிரவர் அதனை வளர்த்து வந்திருக்கின்றனர். எவரும் விலையின்றிப் பெறலாம், படி எடுக்கலாம், திருத்தியமைக்கலாம். நம் நாட்டில் சி-டாக் என்னும் அரசு ஆய்வு நிறுவனம் இந்திய மொழிகளுக்கு இடமளித்து 'பாஸ்' என்ற பெயரில் ஒரு லினக்ஸ் தொகுப்பை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டது. கேரள மாநிலப் பள்ளிகளில் பயிலும் மாணவர்கள் லினக்ஸிலேயே கணிப்பொறிக் கல்வி பெறுவதை அங்கு வாழும் நம் அன்பர்கள் நேரில் அறிவார்கள். பழைய கணிப்பொறிக்குப் புத்துயிர் அளிக்க வல்லது என்பதாலும் இதனை வீட்டில் தாமே நிறுவிப் பார்ப்பவர் பலர். அவ்வாறு முயல்வோரை மிகவும் அச்சுறுத்தும் தடை ஒன்றுண்டு. பெரிய வன்தட்டு கண்ணில் படாமலே போதல், அல்லது தவறான அளவில் தென்படுதல் என்பதே அது.

இத்தடைக்குக் காரணம் பெரும்பாலும் தட்டின் பழுதன்று. தட்டுக்கும் நமக்கும் இடையே நிற்பவர்களில் யாரோ ஒருவருடைய கணக்குத் தவறிவிடுகிறது. அஃது எங்ஙனம் என்பதைப் பார்ப்போம்.

வன்தட்டை, ஏராளமான சிற்றறைகள் கொண்ட ஒரு களஞ்சியம் என்று கொள்ளலாம். செக்டர் எனப்படும் ஒவ்வோர் அறையும் வழக்கமாக 512 பைட் கொள்ளும். குறிப்பிட்ட அறையிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டுமாயின் அவ்வறையின் எண்ணைச் சொல்லியாக வேண்டும். அவ்வெண்ணைச் சொல்வோர் ஒருவரல்லர். கணிப்பொறிக்கு மின்சாரம் பாய்ந்தவுடன் விழித்தெழும் பயாஸ் ஒருவர். தட்டையும் பொறியையும் இணைக்கும் மின்பலகை மற்றொருவர். இயக்கமுறையை ஏற்றிவிடும் துவக்கி ஒருவர். லினக்ஸின் உட்கருவாகிய கெர்னல் ஒருவர். இவர்களுக்கெல்லாம் ஆதாரமாகத் தட்டின் முகப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றும் உண்டு. எந்தப் பாகம் எந்த அறையில் தொடங்குகிறது, எத்தனை அறைகள் கொண்டது என்பதை அப்பத்திரமே கூறும்.

விண்ணப்பத் தாள்களில் எண்களை நிரப்புவதற்குக் கட்டங்கள் அச்சிட்டிருப்பார்கள் அல்லவா? நான்கு கட்டங்களே இருக்கும் தாளில் ஐந்து இலக்க எண்ணை எழுத இயலாது. அதுபோலவே மேலே கூறிய ஒவ்வொருவரிடமும் அறை எண்ணை எழுதுவதற்கு ஓரளவு கட்டங்களே உள்ளன. தட்டு வளர்ந்துகொண்டே போயிற்று, கட்டங்கள் வளரவில்லை. நம் தொல்லைகளின் வேர் இதுவே.

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். 1983-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி. எக்ஸ்.டி. என்ற கணிப்பொறியில் இருந்த வன்தட்டின் கொள்ளளவு 10 மெகாபைட். அக்காலத்தில் ஓர் அறையைக் குறிப்பிட உருளை, தலை, அறை என்ற மூன்று எண்களைக் கூறினார்கள். தெரு இன்னது, வீடு இன்னது, வாயில் இன்னது என்று முகவரி சொல்வது போன்றதே அது. பயாஸ் ஏற்றுக்கொண்டது 1024 உருளை, 256 தலை, 63 அறை. பின்னர் வந்த ஐ.டி.இ. வகைத் தட்டுக்களோ 65,536 உருளைகளை ஏற்கும். ஆனால் தலை 16 மட்டுமே. இருவரும் உடன்படும் எல்லையே பயன்படும் எல்லை. ஆகவே 1024 உருளை, 16 தலை, 63 அறை என்று பெருக்கினால் 10,32,192 அறைகள். அஃதாவது 528 மெகாபைட். இருவருமே பெரிய எண்களைச் சொல்ல வல்லவர்கள். ஆனால் ஒருவருடைய குறை மற்றவருடைய நிறையைப் பயனற்றதாக்கிவிட்டது.

இதற்கு ஒரு மாற்று கண்டார்கள். பயாஸ் தனக்குள்ளேயே உருளைகளைக் குறைத்துத் தலைகளைக் கூட்டிக் கணக்கைப் பெயர்த்துரைத்தது. அதனால் எல்லை 8.4 கிகாபைட் வரை நீண்டது. பிறகு 33.8 கிகாபைட்டில் ஒரு தடை வந்தது. 1999-ஆம் ஆண்டையொட்டிய சில பயாஸ்கள் அதற்கு மேற்பட்ட தட்டை எண்ணத் தொடங்கியதும் அப்படியே உறைந்து நின்றுவிட்டன. உற்பத்தியாளர்கள் தட்டின் பின்புறத்தில் ஒரு சிறு கவ்வியை வைத்தார்கள். அதைப் பொருத்தினால் தட்டுத் தன் முழு அளவை மறைத்து, சிறியதாகக் காட்டிக்கொள்ளும். பழைய கடையில் வாங்கிய தட்டு, உறையில் அச்சிட்ட அளவைவிடக் குறைவாகக் காட்டினால் அந்தக் கவ்வி இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னர், மூன்று எண்களைக் கைவிட்டு எல்லா அறைகளுக்கும் ஒரே தொடர் எண் கொடுக்கும் முறை நிலைபெற்றது. அதற்கு ஒதுக்கிய கட்டங்கள் 28. இரும எண்ணில் 28 இலக்கங்களால் 26,84,35,456 அறைகளையே சுட்ட முடியும். எல்லை 137 கிகாபைட். 2002-ஆம் ஆண்டில் வெளியான ஏ.டி.ஏ.-6 என்ற தரநிலை அதனை 48 கட்டங்களாக உயர்த்தியது. தட்டுக்கும் மின்பலகைக்கும் இடையிலான வழக்கு அத்துடன் தீர்ந்தது எனலாம்.

ஆயினும் பாகப்பிரிவினைப் பத்திரம் பழையதாகவே இருந்தது. எம்.பி.ஆர். என்னும் அப்பத்திரம் அறை எண்ணுக்கு 32 கட்டங்களையே தந்திருந்தது. 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 அறைகள் வரையில்தான் அது எண்ணும். ஓர் அறைக்கு 512 பைட் என்றால் எல்லை 2.2 டெராபைட். இதனைக் கடக்கவே ஜி.பி.டி. என்னும் புதிய பத்திரம் ஏற்பட்டது. அதில் அறை எண்ணுக்கு 64 கட்டங்கள். மேலும், தட்டின் முகப்பில் ஒரு படியும் கடைக்கோடியில் மற்றொரு படியுமாக அது இரண்டிடங்களில் எழுதப்படுகிறது. ஒன்று சிதைந்தாலும் மற்றொன்று துணை நிற்கும்.

இந்த எண்கள் வெறும் வரலாறு அல்ல. நோயின் பெயரைச் சொல்லும் குறிகள் அவை. திரையில் தோன்றும் அளவு 528 மெகாபைட்டா, 8.4 கிகாபைட்டா, 33.8 கிகாபைட்டா, 137 கிகாபைட்டா, 2.2 டெராபைட்டா என்று பாருங்கள். இவற்றுள் ஒன்றாயின் தட்டு நலமாகவே இருக்கிறது. யாரோ ஒருவருடைய கட்டங்கள் தீர்ந்துவிட்டன என்பது உறுதி.

இன்னொரு குறியும் உண்டு. வண்டியின் தூரமானி 9999-ஐத் தாண்டியதும் மீண்டும் 0000-இலிருந்து எண்ணத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கணிப்பொறியின் எண்ணியும் சில வேளைகளில் அவ்வாறே சுழன்றுவிடும். 3 டெராபைட் தட்டிலிருந்து 2.2 டெராபைட்டைக் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 801 கிகாபைட். சில திரைகள் இதையே வேறொரு கணக்கில் 746 என்று காட்டும். 3 டெராபைட் தட்டு 801 என்றோ 746 என்றோ தெரிந்தால், எண்ணி ஒருமுறை சுழன்றுவிட்டது என்று உடனே அறியலாம்.

வேறொரு கணக்கு என்றேனே, அதனையும் விளக்கிவிடுகிறேன். தட்டு விற்பவர் ஒரு டெராபைட் என்றால் லட்சம் கோடி பைட் என்று கொள்கிறார். கணிப்பொறி பல இடங்களில் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. ஆகையால் 1 டெராபைட் தட்டு 931 என்றும், 3 டெராபைட் தட்டு 2.7 என்றும் தெரியும். இது குறையுமன்று, ஏமாற்றுமன்று. அளவுகோல் இரண்டு, பொருள் ஒன்று.

இனி லினக்ஸுக்கு வருவோம். லினக்ஸின் கெர்னல் விழித்தெழுந்தபின் தட்டைப் பற்றிப் பயாஸின் சொல்லை நம்பியிருப்பதில்லை. தட்டுடன் நேரே பேசிக்கொள்ளும். பயாஸ் ஒரு தட்டைச் சிறியதாகக் காட்டினாலும் லினக்ஸ் அதனை முழு அளவில் காணக்கூடும் என்பது இதனால் விளங்கும். ஆனால் கெர்னலைத் தட்டிலிருந்து எடுத்துவரும் துவக்கியோ, பழைய பொறிகளில், பயாஸின் கையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. எனவேதான் நிறுவும் பணி குறைவின்றி முடிந்தும், மறுமுறை பொறியை இயக்கும்போது அது எழ மறுக்கும் நிலை நேர்கிறது. கெர்னல் இருக்கும் அறை பயாஸின் எல்லைக்கு அப்பால் அமைந்துவிட்டதே காரணம். முற்காலத்தில் லிலோ என்ற துவக்கியைப் பயன்படுத்தியவர்கள் '1024-ஆவது உருளை' என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சியதற்கும் இதுவே காரணம். அதற்குரிய தீர்வு எளியது. தட்டின் தொடக்கத்தில், பயாஸின் எல்லைக்குள், ஒரு சிறு பாகத்தை ஒதுக்கி, 'பூட்' என்ற பெயரில் கெர்னலை அதில் வைப்பதே அது. இன்றும் பழைய பொறியில் பெரிய தட்டை வைப்போர்க்கு அத்தீர்வு பயன்படும்.

தடை நேர்ந்தால் எந்த வரிசையில் ஆராய வேண்டும் என்பதை இனிக் கூறுகிறேன். இதில் ஒரே ஒரு விதி. முதலில் படித்தறிக; கடைசியில் எழுதுக. தட்டில் எதையும் எழுதாமலே அறியக்கூடியவற்றை எல்லாம் அறிந்த பின்னரே எழுதத் துணிய வேண்டும்.

பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புக்களை, நிறுவாமலே யூ.எஸ்.பி. கோலிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். அவ்வாறே முதலில் ஓட்டுங்கள்.

முதற்படி, பொறியின் அமைப்புத் திரை. மின்சாரம் கொடுத்தவுடன் உரிய விசையை அழுத்தினால் அது தோன்றும். அங்கே தட்டின் பெயர் இருக்கிறதா? இல்லையெனில், பொறியை அணைத்து, மின்கம்பியையும் தரவுக் கம்பியையும் கழற்றி மீண்டும் செருகிப் பாருங்கள். வேறொரு கம்பியும் வேறொரு துளையும் கொண்டு சோதியுங்கள். நிறையப் பேருடைய தொல்லை இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி, கெர்னலின் கூற்று. முனையத்தைத் திறந்து எல், எஸ், பி, எல், கே என்னும் ஐந்து எழுத்துக்களை இடைவெளியின்றித் தட்டினால், கெர்னல் கண்ட தட்டுக்களும் அவற்றின் அளவும் பட்டியலாக வரும். டி, எம், இ, எஸ், ஜி என்று தட்டினால் அது தட்டை எவ்வாறு கண்டது என்ற முழு விவரமும் கிடைக்கும். இவ்விரண்டும் படிப்பவையே, எதையும் எழுதுபவை அல்ல.

அமைப்புத் திரையில் தட்டு இருந்தும் கெர்னலின் பட்டியலில் இல்லையாயின், இக்கால மடிக்கணிப்பொறிகளில் ஒரு காரணம் அடிக்கடி காணப்படுகிறது. இன்டெல் சில்லு கொண்ட பல பொறிகளில் தட்டு ரெய்டு அல்லது ஆர்.எஸ்.டி. என்ற முறையில் இணைக்கப்பட்டு வருகிறது. அதனை ஏ.ஹெச்.சி.ஐ. என்ற முறைக்கு மாற்றினால் லினக்ஸின் கண்ணுக்குத் தட்டுப் புலப்படும். ஆனால் அதே பொறியில் விண்டோஸும் இருக்குமாயின் உடனே மாற்றிவிடாதீர்கள். மாற்றத்திற்கு விண்டோஸை முன்கூட்டித் தயார் செய்யாவிட்டால் அது எழாமல் நின்றுவிடும். பிட்லாக்கர் என்னும் பூட்டு இருக்குமாயின், அதன் மீட்புச் சாவி எண்ணை முதலில் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி, அளவு. கெர்னல் தட்டைக் காண்கிறது; ஆனால் அளவு தவறு எனில், சற்றுமுன் சொன்ன எண்களோடு ஒப்பிடுங்கள். யூ.எஸ்.பி. உறையில் இருக்கும் தட்டாயின், உறையிலுள்ள பலகையே 32 கட்டங்களுக்குமேல் எண்ணத் தெரியாததாக இருக்கலாம். தட்டை வேறோர் உறையில் இட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தட்டுத் தன் ஒரு பகுதியைத் தானே மறைத்து வைத்திருக்கிறதா என்பதை ஹெச்.டி.பார்ம் என்ற கட்டளையின் துணையால் அறியலாம். வெளியே காட்டும் அறைகள் இத்தனை, உண்மையில் உள்ளவை இத்தனை என்று இரண்டு எண்களை அது தரும்.

இந்நிலையில் ஓர் எச்சரிக்கை. அளவு தவறாகத் தெரியும்போது, "பத்திரத்தின் இரண்டாம் படி உரிய இடத்தில் இல்லை, சீர் செய்யலாமா?" என்று சில செயலிகள் கேட்கும். ஜி.பி.டி.யின் இரண்டாம் படி தட்டின் கடைக்கோடியில் இருக்கும் என்றேன். பொறி தட்டைச் சிறியதாகக் காணும்போது அதன் கண்ணுக்குத் தெரியும் கடைக்கோடி பொய்யானது. அங்கே உண்மையில் இருப்பது உங்கள் கோப்புக்களின் நடுப்பகுதி. 'ஆம்' என்றால் அதன்மேல் எழுதிவிடும். ஆகவே அளவு சரியாகத் தெரியும் வரையில் 'சீர் செய்க' என்ற சொல்லுக்கு இசைய வேண்டாம்.

நான்காம் படி, அளவு சரியாக இருந்தும் நிறுவும் செயலி தட்டைக் காட்ட மறுத்தல். முன்பு வேறெங்கோ ரெய்டு தொகுதியில் பயன்பட்ட தட்டாயின், அதன் பழைய அடையாளங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். வைப்-எஃப்.எஸ். என்ற கட்டளை அவற்றைக் காட்டும். துடைப்பது என்ற பொருளுடைய அப்பெயர் அச்சுறுத்தினாலும், தட்டின் பெயரை மட்டும் கொடுத்து வேறு குறி ஏதும் சேர்க்காமல் தட்டினால் அடையாளங்களைப் பட்டியலிடுமேயன்றி அழிக்காது. அழிக்கச் சொல்லும் குறியைச் சேர்த்தால் அழித்துவிடும். தட்டு வெறுமையானது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே அதைச் செய்க.

ஐந்தாம் படி, நிறுவியபின் பொறி எழாமை. பயாஸ் உள்ள பழைய பொறியில் ஜி.பி.டி. பத்திரம் எழுதிய தட்டை வைத்தால், கிரப் என்னும் துவக்கி தங்குவதற்கு 1 மெகாபைட் அளவில் ஒரு தனிப் பாகம் வேண்டும். 'பயாஸ் பூட்' பாகம் என்பது அதன் பெயர். யூ.இ.எஃப்.ஐ. என்ற புதுமுறைப் பொறியாயின் இ.எஃப்.ஐ. பாகம் என்ற ஒன்று வேண்டும். நிறுவும் கோலை எந்த முறையில் எழுப்பினீர்களோ அந்த முறையிலேயே லினக்ஸும் நிறுவப்படும். எனவே, கோலைப் பழைய முறையில் எழுப்பி, தட்டைப் புதிய முறையில் எழுப்ப எதிர்பார்ப்பது வீண்.

இப்பொழுது அந்த வீட்டுக்குத் திரும்புவோம். மகனின் விரல் இன்னும் பொத்தானின்மேல் இருக்கிறது. தட்டின் அளவு சரியாகத் தெரிகிறது. நாம் எண்ணிய எல்லைகளுள் 375 என்பது இல்லை. அப்படியானால் அந்த எண்ணின் பொருள் யாது?

3000-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். 375 வருகிறது.

இந்த எட்டில் ஒரு பங்குதான் மறைபொருளைத் திறக்கும் சாவி. 2.2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுக்கள் முதன்முதலாக வெளிவந்த காலத்தில், விண்டோஸ் எக்ஸ்.பி. போன்ற பழைய இயக்கமுறைகளுக்கு ஜி.பி.டி. பத்திரத்தைப் படிக்கத் தெரியாது. எனவே சில உறைகளைச் செய்தவர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். கட்டங்களைக் கூட்ட முடியாவிட்டால் அறைகளைப் பெரிதாக்கலாமே என்பதே அது. உறையிலுள்ள பலகை, ஓர் அறைக்கு 512 பைட் என்பதற்குப் பதிலாக 4096 பைட் என்று கணிப்பொறியிடம் கூறிற்று. அறை எட்டு மடங்கு பெரிதாகவே, அறைகளின் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகச் சுருங்கிப் பழைய பத்திரத்திலேயே அடங்கிவிட்டது.

அவ்வாறு எழுதப்பட்ட பத்திரம் தட்டில் அப்படியே இருக்கிறது. ஆனால் மகன் உறையைக் கழற்றிவிட்டான். இப்போது தட்டு நேராகப் பேசுகிறது. ஓர் அறை 512 பைட் என்கிறது. பத்திரத்தில் எழுதியுள்ள எண் மாறவில்லை, அளவுகோல் மாறிவிட்டது. ஏக்கர் கணக்கில் எழுதிய பத்திரத்தைச் சென்ட் கணக்கில் படித்தால் நிலம் சுருங்கித்தானே தோன்றும்? பாகம் எட்டில் ஒன்றாகக் குறுகிற்று. அதன் தொடக்க இடமும் அவ்வாறே தவறாகக் கணக்கிடப்பட்டது. அவ்விடத்தில் கோப்புமுறையின் அடையாளம் ஒன்றும் இல்லாமையால் வகை தெரியவில்லை என்று செயலி கூறிற்று. பாட்டனாரின் படமும் பாட்டியின் தாலாட்டும் ஒரு பைட்கூடக் குறையாமல் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இதனை உறுதி செய்துகொள்ளவும் வழியுண்டு. எஃப்.டிஸ்க் என்ற கட்டளையைப் பட்டியலிடும் குறியுடன் தட்டினால் அறையின் அளவையும் அது சொல்லும். தட்டு உறைக்குள் இருக்கும்போது ஒருமுறையும், வெளியே இருக்கும்போது ஒருமுறையும் பார்த்தால், 4096 என்றும் 512 என்றும் வேறுபாடு விளங்கிவிடும்.

ஆகவே தந்தை கூற வேண்டிய விடை இது: "பொறு, தம்பி. பொத்தானிலிருந்து கையை எடு. பொறியை அணைத்துவிட்டுத் தட்டைப் பழைய உறையிலேயே வை." உறையில் வைத்தவுடன் கோப்புக்கள் மீண்டும் தென்படும். அவற்றை வேறொரு தட்டில் படி எடுத்துத் திறந்து பார்த்து, சரியாக உள்ளன என்று கண்டபின், பழைய தட்டை எடுத்து ஜி.பி.டி. பத்திரம் எழுதி உள்ளே பொருத்திக்கொள்ளலாம். உறை உடைந்துபோயிருப்பினும் மனம் தளர வேண்டியதில்லை. லோசெட்டப் என்ற லினக்ஸ் கட்டளையைக் கொண்டு, அறை 4096 பைட் என்று கருதி, எழுதாமல் படிக்கும் முறையில் தட்டைத் திறக்க இயலும். ஆனால் சில உறைகளின் பலகைகள் தரவை மறைகுறியாக மாற்றி எழுதும் வழக்கமுடையவை. அத்தகைய தட்டை அப்பலகையின்றிப் படிப்பது அரிது. ஆதலின் பிரித்த உறையைக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம்.

எல்லாவற்றினும் எளிய காப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸை நிறுவும் நாளன்று, நிறுவப்போகும் தட்டு ஒன்றைத் தவிர மற்றவற்றின் கம்பிகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். பொறியில் இல்லாத தட்டை எந்தப் பிழையும் அழிக்க முடியாது. நிறுவி முடித்து, பொறி ஒழுங்காக எழுவதைக் கண்ட பின்னர் மீண்டும் இணைத்துக்கொள்ளலாம். அரிய பொருள்களின் படி ஒன்று வேறிடத்தில், இயன்றால் ஊரிலுள்ள உறவினர் வீட்டில், இருப்பது மேலும் நலம்.

சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு, அந்தத் தட்டில் இருப்பவை வெறும் கோப்புக்கள் அல்ல. மறுபடியும் எடுக்க முடியாத படங்களும், மீண்டும் கேட்க முடியாத குரல்களும் ஆகும். "தட்டில் ஒன்றுமில்லை" என்று பொறி கூறினால், "என் கணக்கில் ஒன்றும் தெரியவில்லை" என்றுதான் அதற்குப் பொருள். யாருடைய கணக்கு, எந்த இடத்தில், எத்தனை கட்டத்தில் நின்றுபோயிற்று என்று பொறுமையாக வினவுங்கள். விடை கிடைக்கும் வரையில் தட்டில் எழுதாதீர்கள்.